குதிக்கால் நோவும் ஆர்ச் சப்போட் சப்பாத்தும்: ஒரு ரீச்சரின் கேள்விக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், இடையில் வந்து வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். கேட்டவர் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியை, வயது 44. காலையில் கட்டிலால் இறங்கி முதல் நாலைந்து அடி வைக்கும்போது வலது குதிக்காலில் குத்தி நோகிறது, கொஞ்சம் நடமாடினால் குறைகிறது, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும் நேரம் திரும்பத் தொடங்குகிறது. யாரோ அவருடைய உள்ளங்காலைப் பார்த்து, உங்களுக்குத் தட்டைப் பாதம், ஆர்ச் சப்போட் (பாதத்தின் உட்பக்க வளைவைத் தாங்குகிற மேடு) உள்ள சப்பாத்துத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் தம்பி ஒரு சோடி அனுப்பத் தயார், பிராண்டையும் மாடலையும் சொன்னால் போதும் என்கிறார். இங்கே கடைகளில் ‘டொக்டர் செருப்பு’ என்று விற்பதை நம்பலாமா என்பது கூடவே கேட்ட கேள்வி.

ரீச்சர், நீங்கள் பிராண்டைக் கேட்டாலும், உங்களுக்கு வேண்டியது நாள் முழுக்க நின்று படிப்பிக்கிற காலுக்கு ஒரு நிம்மதி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தம்பி காசைச் செலவழிப்பார், பார்சல் வரும், பெட்டியைத் திறந்து எல்லோரும் வடிவு பார்ப்பார்கள், நோ அப்படியே இருக்கும். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் ராகமவில் செயற்கை அவயவம், காலுக்கான தாங்கிகள் செய்யப் படித்து, பிறகு வடக்கில் அதே வேலையில் இருப்பவன். செயற்கைக் கால் செய்வது பாதி வேலை, சப்பாத்துக்குள் வைக்கும் இன்சோல் செய்வது மீதி. வைத்தியர் இல்லை. உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் இன்ன வருத்தம்தான் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது, இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் இந்த வளைவு. ஒரு பாதத்தில் 26 எலும்பு. உட்பக்கம் அவை வில்லாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வில் சரியாமல் இருப்பதற்கு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதம் ஒரு காரணம். குதி எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை போகிற தடித்த நார்ப்பட்டை இன்னொன்று. கெண்டைக்காலில் இருந்து உட்கணுக்காலைச் சுற்றி இறங்கி வளைவைப் பிடித்திருக்கிற தசைநாண் மற்றது. நடக்கும்போது குதி எழும்பிப் பெருவிரல் மேலே மடங்கினால் நார்ப்பட்டை இறுகும், வளைவு தானாக உயரும். ஹிக்ஸ் என்பவர் 1954இல் இதை விவரித்தார், இன்றும் நாங்கள் படிப்பதும் பார்ப்பதும் இதை வைத்துத்தான். வீட்டிலேயே சோதிக்கலாம்: நீங்கள் நேராக நில்லுங்கள், பக்கத்தில் ஒருவர் உங்கள் பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்கட்டும். வளைவு எழும்புகிறதா? நுனிக்காலில் நின்றால் வளைவு தெரிகிறதா? தெரிந்தால் உங்களுடையது நெகிழ்கிற தட்டைப் பாதம், உலகத்தில் ஏராளமானவர்களுக்கு உள்ளது, அதைக் கொண்டு அவர்கள் ஒரு நோவும் இல்லாமல் வயலும் உழுகிறார்கள் ஓட்டப் பந்தயமும் ஓடுகிறார்கள். ஈரக் காலைச் சீமெந்தில் வைத்து அடையாளம் பார்த்து ‘தட்டை’ என்று முடிவெடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உள்ளங்காலில் சதை கூடினாலே அடையாளம் அகன்றுதான் விழும்.

எங்கள் பக்கத்துக் கால்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1992இல் தென்னிந்தியாவில் 4 முதல் 13 வயதுவரையான 2300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்தார்கள். செருப்போ சப்பாத்தோ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 வீதம்தான். அதிலும் விரலை மூடுகிற சப்பாத்துப் போட்டவர்களிடம் கூடுதல், செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. இதைக் காட்டி, அப்படியென்றால் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தால் 44 வயதில் வளைவு வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஆய்வு அப்படி எதையும் சொல்லவில்லை, அது வளர்கிற பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோருக்கும் இந்த இடத்திலேயே ஒரு வார்த்தை: நோவில்லாத பிள்ளைக்குத் தட்டைப் பாதம் என்று விசேட சப்பாத்து வாங்கி அலைய வேண்டாம். அமெரிக்காவில் மூன்று வருடம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட சப்பாத்தும் இன்சோலும் போடக் கொடுத்து, ஒன்றும் கொடுக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டு, வளைவில் வித்தியாசம் இல்லை என்று 1989இலேயே எழுதிவிட்டார்கள். பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து விரலை நெரிக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் அதுவே பெரிய காரியம்.

சரி, உங்கள் நோ. காலையில் முதல் அடியில் கூடி, நடக்கக் குறைந்து, நின்ற களைப்பில் திரும்ப வருகிற குதி நோ என்றால், அதிகம் சந்தேகிக்க வேண்டியது அந்த நார்ப்பட்டை குதி எலும்பில் பிடிக்கிற இடம். வைத்தியர்கள் பிளாண்டர் பஷைட்டிஸ் என்பார்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயது, நாள் முழுக்க நிற்கிற வேலை, உடம்பு நிறை, இறுகிப்போன கெண்டைக்கால், இவை எல்லாம் அதற்குத் தோதானவை. கட்டைவிரலால் குதியின் அடியில், உட்பக்கம் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி அழுத்திப் பாருங்கள், சரியாக ஒரு இடத்தில் ‘ஐயோ’ என்று சொல்ல வைத்தால் சந்தேகம் இன்னும் கூடும். எக்ஸ்ரே எடுத்து ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று சொன்னால் பயப்படாதீர்கள். நோவே இல்லாத பலருடைய குதியிலும் அந்த முள் இருக்கும், அதை வெட்டி எடுப்பதற்கு அவசரமும் இல்லை. பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே மாறிவிடும். ஒரு வருடம் என்பது நோகிறவருக்கு நீண்ட காலம்தான், தெரியும்.

இப்போது ஆர்ச் சப்போட் உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். தெளிவாகத் தெரிந்த பங்கு இவ்வளவுதான்: வளைவுக்குக் கீழே சற்றுக் கட்டியான தாங்கல் இருந்தால் உடம்பின் பாரம் குதியில் மட்டும் இறங்காமல் நடுப் பாதத்துக்கும் பிரியும், நார்ப்பட்டையின் இழுவை குறையும், அதனால் சிலருக்கு முதல் இரண்டு மூன்று மாதத்தில் நடமாட்டம் இலகுவாகும். 2006இல் அவுஸ்திரேலியாவில் குதி நோ உள்ளவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒன்றுக்கும் உதவாத மெல்லிய பஞ்சு, ஒரு குழுவுக்குக் கடையில் ஆயத்தமாக வாங்குகிற இன்சோல், ஒரு குழுவுக்கு அச்செடுத்துச் செய்த விலை கூடிய இன்சோல் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் இன்சோல் போட்டவர்களின் கால் கொஞ்சம் நன்றாக வேலை செய்தது, கடை இன்சோலும் அச்செடுத்ததும் ஏறக்குறைய ஒன்றுதான், வருடக் கடைசியில் மூன்று குழுவும் ஒரே நிலையில். அச்செடுத்துச் செய்து பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள். அச்செடுத்த இன்சோல் தேவைப்படுகிற கால்கள் இருக்கின்றன, உருக்குலைந்தவை, உணர்வு போனவை, ஒன்று மற்றதைவிடக் குட்டையானவை. வெறும் குதி நோவுக்கு முதல் நாளே அதற்குப் போகத் தேவையில்லை.

தெளிவில்லாத பங்கு, உங்கள் கால் ‘வகைக்கு’ ஏற்ற சப்பாத்து என்கிற கதை. தட்டைக் காலுக்கு இது, வளைவு கூடிய காலுக்கு அது என்று கடைகளில் அட்டவணையே ஒட்டியிருப்பார்கள். அமெரிக்க இராணுவத்தில் பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்படி வகை பார்த்து ஒரு பாதிக்கும், வகை பாராமல் எல்லோருக்கும் ஒரே சப்பாத்தாக மற்றப் பாதிக்கும் கொடுத்துப் பார்த்ததில் காயம் வருவதில் பெரிதாக வித்தியாசம் இல்லை. ஆகவே தட்டைப் பாதம் என்று யாரோ சொன்னதை வைத்துச் சப்பாத்துத் தெரிவு செய்யாதீர்கள். போட்டு நடந்து பார்க்கும்போது எது இதமாக இருக்கிறதோ அதை வைத்துத் தெரிவு செய்வது, கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும், மற்ற வழிகளைவிட மோசமில்லை. ஆனால் இதம் என்பதும் மெத்தென்று இருப்பதும் வேறு வேறு. கடையில் கால் வைத்தவுடன் பஞ்சில் அமிழ்வதுபோல் இருக்கிற சப்பாத்து, உங்கள் நிறை ஒரு பாடவேளை முழுக்க அதில் இறங்கிய பிறகு சப்பையாகி வெறும் தரையாகத்தான் இருக்கும்.

கடையில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பின்னேரம் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும், எங்கள் வெக்கைக்கு இது இன்னும் கூட. இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், பெரிய காலுக்குத்தான் அளவு. நின்றபடி நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இடம் இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற இன்சோலைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள்: பாதம் ஓரத்தால் வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு ஒடுக்கம், விற்பவர் “போடப் போட விரிஞ்சிடும்” என்று எவ்வளவு சொன்னாலும். சிறுவயதில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவர்களுக்குப் பாதம் முன்பக்கம் அகன்றும் குதி ஒடுங்கியும் இருப்பது சாதாரணம், பெண்கள் சப்பாத்துகள் பெரும்பாலும் அதற்கு நேர்மாறாகக் கூர்ந்து வருகின்றன, அதனால் நீளத்தில் ஒரு அளவு கூட்டி வாங்கி, குதி கழன்று கழன்று நடக்கிற ஆட்களை நான் நிறையப் பார்க்கிறேன். பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்து மடியுங்கள். விரல்கள் தொடங்குகிற இடத்தில் மடிய வேண்டும், நடுவால் மடிந்தால் வைத்துவிடுங்கள், வளைவுக்கு அது எந்தத் தாங்கலும் தராது. பின்பக்கக் குதிக் கிண்ணத்தை இரண்டு விரலால் நெரித்துப் பாருங்கள், சட்டென்று அமுங்கக் கூடாது.

வளைவு மேடு இருக்கிறதே, அதைப் பற்றி இரண்டு விசயம். ஒன்று, கட்டைவிரலால் அமர்த்தினால் முழுவதும் சப்பையாகிற மேடு உங்கள் முழு நிறைக்குக் கீழே இல்லாத மாதிரித்தான். இரண்டு, அதன் உச்சி எங்கே வருகிறது என்பது உயரத்தைவிட முக்கியம். உட்கணுக்காலுக்குக் கீழே கொஞ்சம் முன்னால் கையால் தடவினால் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு தெரியும், மேட்டின் உச்சி ஏறக்குறைய அதற்குக் கீழே வர வேண்டும். மலிவான ‘மருத்துவ’ செருப்புகள் பலவற்றில் மேடு முன்னுக்குத் தள்ளி விரலடிக்குக் கிட்ட நிற்கும். அது தாங்குவதில்லை, நார்ப்பட்டையை நடுவில் குத்திக்கொண்டிருக்கும். கால் நீளம் ஒன்றாக இருக்கிற இரண்டு பேருக்குக் குதியிலிருந்து பெருவிரல் முட்டுவரை உள்ள தூரம் வேறாக இருக்கலாம், அதனால்தான் ஒருவருக்கு அமிர்தமாக இருக்கிற செருப்பு அதே அளவு போடுகிற அவருடைய தங்கைக்கு ஒத்துவராது. சப்பாத்தைப் போட்டு நிற்கும்போது மேடு இருப்பது தெரியலாம், ஆனால் ஒரு கல்லை மிதிப்பதாகத் தோன்றினால் அது உங்கள் காலுக்குச் செய்ததில்லை.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று, என் கணக்கில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது. பள்ளிக்கூடத்தில் சப்பாத்தோடு நிற்கிற நேரத்தை எண்ணுங்கள், பிறகு வீட்டில் வெறுங்காலோடு நிற்கிற நேரத்தை எண்ணுங்கள். விடிய எழும்பி, தேத்தண்ணி போட்டு, சமைத்து, கூட்டி, மெழுகி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பின்னேரம் திரும்ப அதே குசினி. எங்கள் வீடுகளில் முன்பு சாணி மெழுகிய தரை, பிறகு சீமெந்து, இப்போது எல்லாம் ரைல்ஸ். நோகிற குதிக்கு ரைல்ஸ் தரையைப்போல ஒரு எதிரி கிடையாது, அதுவும் காலை முதல் அடி. ஆகவே வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று, வெளியே கொண்டுபோகாத, கழுவி வைத்த ஒரு சோடி செருப்பைக் கட்டிலடியில் வைத்துவிடுங்கள், இறங்கும்போது கால் நேராக அதற்குள் போகட்டும். வீட்டுக்குள் செருப்பா என்று மாமி முகம் சுளிக்கலாம், சாமியறைக்குள் கழற்றிவிடுவேன் என்று சொல்லிச் சமாளியுங்கள். அது சரிவராத வீடென்றால் அடுப்படியில் நிற்கிற இடத்திலாவது தடித்த றப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். இதைச் செய்யாமல் தம்பி அனுப்புகிற எந்தச் சப்பாத்தைப் போட்டாலும் பாதி நாள்தான் வேலை நடக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு, சேலையோடு கயிறு கட்டுகிற சப்பாத்துப் போட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், மூடிய சப்பாத்தைச் சித்திரை வெயிலில் நாள் முழுக்கப் போட்டு நிற்பதும் ஒரு தண்டனைதான். பின்பட்டி உள்ள செருப்பே போதும். பின்பட்டி ஏன் என்றால், பட்டியில்லாத செருப்பைக் கழன்றுவிடாமல் பிடிக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் மடங்கி வேலை செய்யும், பின்னேரம் உள்ளங்கால் முழுக்க இறுகிப்போகும். குதிக்குக் கிண்ணம், கட்டியான அடி, வளைவில் ஒரு மேடு, அளவு மாற்றக்கூடிய பட்டி, குதி முன்பக்கத்தைவிட ஒன்று ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரம், இவ்வளவும் இருந்தால் அதில் எந்த நாட்டுப் பெயர் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. முற்றாகத் தட்டையான மெல்லிய றப்பர் செருப்பு குதி நோவுக்குக் கூடாது, உயரக் குதியும் கூடாது. பிடித்த செருப்பில் பின்பட்டி மட்டும் இல்லையென்றால் பஸ் நிலையத்தடியில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துப் பட்டி வைத்துக்கொள்ளலாம், நான் பலரை அவர்களிடம் அனுப்புகிறேன். அவர்களுடைய கைவேலை சுத்தம்.

தம்பிக்கு என்ன சொல்வது? பின்னேரம் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு காலையும் நின்றபடி வைத்து, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். குதியிலிருந்து நீண்ட விரல்வரை எத்தனை மில்லிமீற்றர், அகலமான இடத்தில் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து அனுப்புங்கள். ‘எனக்கு 6’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே நாங்கள் சொல்வது பிரித்தானிய அளவு, அவருடைய கடையில் இருப்பது அமெரிக்க அளவு, பெண்களுக்கு ஒன்றரை அல்லது இரண்டு எண் கூடுதலாக இருக்கும், அதுவும் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். ஒரு முழு எண்ணுக்கு ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர் வித்தியாசம் என்பதால் ஒரு எண் பிழைத்தால் பார்சல் வீண். நியூ பலன்ஸ் பிராண்டில் பெண்களுக்கான சாதாரண அகலம் பி, அகலமானது டி, இன்னும் அகலமானது டூ-ஈ. உங்கள் முன்பாதம் அகலமென்றால் இந்த எழுத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரூக்ஸ், அசிக்ஸ் இரண்டிலும் நல்ல தாங்கலுள்ள நடைச் சப்பாத்துகள் இருக்கின்றன. செருப்பு என்றால் வளைவு மேட்டோடு வருகிற வியோனிக்கைப் பார்க்கச் சொல்லலாம். பேர்க்கின்ஸ்டொக்கின் கோர்க் அடி நல்ல கட்டியானது, குதிக்கு ஆழமான கிண்ணமும் உண்டு, ஆனால் மாரி மழையில் ஊறப் போட்டால் கெட்டுப்போகும், முதல் இரண்டு வாரம் கடிக்கவும் செய்யும். என்னைக் கேட்டால் சப்பாத்தை நீங்கள் இங்கேயே காலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், தம்பியிடம் ஒரு கட்டியான ஆயத்த இன்சோல் மட்டும் கேளுங்கள், விலையும் குறைவு, பாரமும் இல்லை. அப்படி வைக்கும்போது பழைய இன்சோலைக் கழற்றிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குதி உயர்ந்து சப்பாத்தை விட்டு வெளியே வரும். முதல் நாள் ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

வெளிநாட்டுச் சப்பாத்தைப் பற்றி இன்னொன்று. கலியாணத்துக்குப் போடலாம் என்று அலுமாரியில் வருடக்கணக்கில் பூட்டி வைக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. பொலியூரிதேன் அடி உள்ள சப்பாத்து எங்கள் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் போடாமல் கிடந்தாலே உள்ளுக்குள் இற்றுப்போகும், ஒருநாள் போட்டு வெளிக்கிட்டால் கோயில் வாசலில் அடி உதிர்ந்து கொட்டும். கொண்டுவந்ததைப் போடுங்கள்.

‘டொக்டர் செருப்பு’ விசயம்: பெயருக்கு ஒரு பெறுமதியும் இல்லை, மேலே சொன்ன மடிப்பு, மேடு, கிண்ணம் மூன்றையும் பார்த்துத் தேறினால் வாங்குங்கள். முள்ளு முள்ளாகக் குமிழ் வைத்த அக்குபிரஷர் செருப்பைக் குதி நோவுக்கு நான் சொல்ல மாட்டேன். எம்.சி.ஆர். செருப்பு என்பது வேறு, அது நுண்துளை றப்பரில் செய்தது, வேலூரில் போல் பிராண்ட் (Paul Brand) என்ற டொக்டரும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயால் உணர்வு இழந்த கால்களுக்காகக் கொண்டுவந்தது, இன்று சீனி வருத்தக்காரருக்கும் கொடுக்கிறார்கள். புண் வராமல் காப்பது அதன் வேலை. உணர்வுள்ள காலில் குதி நோவுக்குப் போட்டாலும் பிழையில்லை, ஆனால் அது வளைவைத் தாங்குவதற்காகச் செய்ததில்லை.

நல்லூர்க் கோயில் திருவிழா வருகிறது என்றால் அதையும் யோசிக்க வேண்டும். 25 நாள் திருவிழா, வீதியில் செருப்பில்லை, மணல் வீதி குதிக்கு ரைல்ஸைவிட இதம்தான் என்றாலும் நேரக்கணக்கில் நிற்பது நிற்பதுதான். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார். இயன்மருத்துவரிடம் உள்ளங்காலுக்கு ஒட்டுப் பட்டி சுற்றக் கேளுங்கள், முறையாகச் சுற்றினால் வளைவைத் தாங்கிப் பிடித்து ஒன்றிரண்டு நாளுக்கு நோவைக் குறைக்கும், வெறுங்காலில் நிற்கிற நேரத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. சீனி வருத்தம் உள்ளவர்களோ மத்தியான வெயிலில் வெறுங்காலோடு வீதி சுற்ற வேண்டாம், சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு போய், வீட்டுக்கு வந்து உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சப்பாத்தைவிட இதற்குப் பலன் கூட என்பது என் எண்ணம். கட்டிலால் இறங்கும் முன், நோகிற காலை மற்றத் தொடைமேல் போட்டு, கையால் விரல்களைக் கணைக்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணுங்கள், இப்படிப் பத்துத் தரம், நாளைக்கு மூன்று வேளை. சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை இழுத்துவிடுவதும் செய்யுங்கள். இரண்டாவது, படிக்கட்டு ஓரத்தில் நோகிற காலின் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்குக் கீழே சுருட்டிய துவாய் ஒன்றை வைத்து, மூன்று எண்ணிக் குதியை உயர்த்தி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள், முதலில் பன்னிரண்டு தரம் செய்யக்கூடிய பாரத்தோடு. டென்மார்க்கில் 2014இல் வெளிவந்த ஆய்வில் இதைச் செய்தவர்கள் மூன்று மாதத்தில் வெறுமனே இழுத்துவிட்டவர்களைவிட முன்னேறியிருந்தார்கள், வருடக் கடைசியில் இரு பகுதியும் ஒன்றுதான். நோ கொஞ்சம் தெரியும், மறுநாள் கூடாவிட்டால் சரி.

இனி, இந்தப் பதில் பொருந்தாத கால்கள். ஒரு பக்க வளைவு மட்டும் இந்த ஒன்றிரண்டு வருடத்தில் சரிந்திருக்கிறது, உட்கணுக்காலுக்குப் பின்னால் வீக்கம், ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்த முடியவில்லை என்றால் பிரச்சினை நான் முதலில் சொன்ன அந்தத் தசைநாணில் இருக்கலாம். நாற்பது தாண்டிய பெண்களிடம் கூடுதலாகக் காண்பது, தள்ளிப்போட்டால் நெகிழ்கிற கால் இறுகிவிடும், எலும்பியல் கிளினிக்குக்குப் போக வேண்டும். நோவோடு விறைப்பும் எரிவும் இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளவயதில் இரண்டு குதியும் நோக, காலையில் நாரியும் பிடித்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கி, நோ மட்டும் குறைவாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி, அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திருக்கக் கூடாது, எலும்பே உள்ளுக்குள் நொருங்கிக்கொண்டிருக்கலாம். உணர்வு குறைந்த காலுக்குக் கட்டியான வளைவு மேடு வைப்பதும் ஆபத்து, அழுத்துவது தெரியாமல் புண்ணாகிவிடும்.

உங்களுக்கு இவை எதுவும் இல்லையென்றால், வீட்டுச் செருப்பு, பின்பட்டிச் செருப்பு, பயிற்சி மூன்றையும் ஆறு எட்டு வாரம் விடாமல் செய்து பாருங்கள். குறையாவிட்டால் யாழ் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள், இயன்மருத்துவப் பிரிவும் அங்கே உண்டு, இன்சோலோ தாங்கியோ தேவை என்று எழுதித் தந்தால் செயற்கை அவயவம் செய்கிற யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். போகும்போது ஒரு வருடமாவது போட்ட பழைய செருப்பைக் கையோடு கொண்டுபோங்கள், புதியதை இல்லை. அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த விரல் பள்ளம் போட்டிருக்கிறது என்று பார்த்தாலே நீங்கள் நடக்கிற விதத்தில் பாதி விளங்கிவிடும்.